அரை நிமிடம் யாரும் பேச வேண்டாம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறது. விடுதித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, முடி கொட்டுகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நேற்று நீ போனில் கூப்பிட்டபோது நான் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனைக் காதில் வைத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. "என்னடி, மூச்சு மட்டும்தான் கேக்குது, லைன்ல மாடு நிக்குதா?" என்று நீ கேட்டதும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதினால் எனக்கு வார்த்தை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

சலவைக்கூடத்தில் எப்போதும் போல ஆஸ்பத்திரி விரிப்புகள்தான். ஒரு முனையை நெட்டை பிடிப்பாள், மறுமுனையை நான். அவள் பேசிக்கொண்டே மடிப்பாள், நான் தலையாட்டிக்கொண்டே மடிப்பேன். "உன்கூட வேல பாத்தா என் வாய்க்கு ஓவர்டைம்டி" என்கிறாள். நல்ல மனசு அவளுக்கு.

அம்மா வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் புதிதாக ஒரு கைக்குழந்தை வந்திருக்கிறது. மற்ற ஆயாக்கள் தூக்கினால் வீறிட்டு அழுகிறதாம், அம்மா தோளில் போட்டால் தூங்குகிறதாம். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. நடுவில் திடீரென்று, "பெரியவ கையில கேமராவைக் குடுத்துட்டாங்களான்னு கேட்டு எழுது" என்றாள். கொடுத்துவிட்டார்களா?

உன் அன்புத் தங்கை


ஜூலை 19

என் ஊமைக்கோட்டானுக்கு,

முடி கொட்டவில்லை, பசிதான் கொல்கிறது. உன் கை வெடிப்பு எப்படி இருக்கிறது? சோப்புத் தண்ணீரில் இப்படியே கிடந்தால் ரேகை அழிந்துவிடும். களிம்பு அனுப்பியிருக்கிறேன். தினமும் போடு.

கேமரா கொடுத்துவிட்டார்கள்! முதல் நாள் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் பிடித்தேன். எங்கள் சார் பார்த்துவிட்டு, "இருட்டை ரொம்ப அழகா எடுத்திருக்கம்மா" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் டிவியில் பல வருடம் கேமராமேனாக இருந்தவர். நாங்கள் வைத்த பெயர் 'கட் சார்'. சாப்பாட்டுக் கூடத்தில் குழம்பு ஊற்றுகிறவரிடமும் போதும் என்று சொல்லமாட்டார், "கட்" என்பார்.

எவ்வளவு இருக்கிறது தெரியுமா கற்றுக்கொள்ள? கேமராவுக்கு வெள்ளை எது என்றே தெரியாது. முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் எல்லார் முகத்திலும் மஞ்சள் காமாலை. இன்னொன்று உனக்கென்றே வைத்த பாடம். பேட்டி முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. அரை நிமிடம் யாரும் பேசாமல் கேமராவை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, மின்விசிறி, குழாய், தெரு என்று. அது கையில் இருந்தால்தான் பிறகு வெட்டின இடம் தெரியாமல் ஒட்டுப்போட முடியும். அந்த அரை நிமிடம் எங்கள் வகுப்பில் ஒருத்தராலும் வாயை மூட முடியவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். நீ இருந்தால் தங்கப் பதக்கம்.

அம்மாவுக்கு முத்தம். முழங்காலுக்குச் சூடு வைக்கச் சொல்.

அக்கா


செப்டம்பர் 2

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத நேரமில்லை, மன்னித்துவிடு. கண் எரிச்சல் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்க்கிறேன். இப்போது எடிட்டிங் பாடம். படம் ஒரு பட்டையாக ஓடும், சத்தம் அதற்குக் கீழே இன்னொரு பட்டையாக. இதைத் தொடாமல் அதை வெட்டலாம், நகர்த்தலாம். கட் சார் ஒரு நாள் எங்கள் கல்லூரி முதல்வரின் பேச்சையும், கடைசி பெஞ்சுக்காரி கொட்டாவி விட்டதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். அவள் கொட்டாவி விட்டது கேண்டீனில். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் முதல்வரைப் பார்த்துத்தான் விட்டாள் என்று சத்தியம் செய்வார்கள். "கேள்வியும் பதிலும் ஒரே நாள்ல நடக்கணும்னு எவன் சொன்னான்? நீ பக்கத்துல பக்கத்துல வை. முடிச்சைப் பாக்கறவனே போட்டுக்குவான்" என்றார்.

இந்தப் பருவத்துக்கு ஆளுக்கொரு படம் எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் தேர்ச்சி. நல்ல படத்துக்கு ஒரு சேனலில் வேலையும் உண்டு என்கிறார்கள். உன்னைத்தான் எடுக்கப்போகிறேன். பயப்படாதே. நீ விரிப்பு மடித்தால் போதும். இந்த மாதக் கடைசியில் வருகிறேன்.

கைக்குக் களிம்பு போடுகிறாயா?

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? கேமரா பை உன் தோளை இறக்கிவிட்டது, எண்ணெய் தேய்த்துக்கொள். நாங்கள் நலம்.

நீ கேட்ட எதற்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று எனக்கு வருத்தம்தான். 'ஆமா', 'தெரியல', 'பிடிக்கும்'. எனக்கு அதற்கு மேல் வரவில்லை. "இவகிட்ட பேட்டி எடுக்கிறதுக்குச் சுவத்துகிட்ட எடுக்கலாம்" என்று நீ சலித்துக்கொண்டாய். தப்பில்லை.

ஆனால் அந்தக் கடைசி அரை நிமிடத்தை நினைத்து நாங்கள் இன்னும் சிரிக்கிறோம். அறைச் சத்தம் எடுக்கணும், யாரும் பேசாதீங்க என்று நீ சொன்னதும் அம்மா மூச்சையே பிடித்துக்கொண்டாளே! கன்னம் இரண்டும் உப்பி, கண் வெளியே வந்து. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வந்தது. வாயால் சொல்ல முடியாமல் பாலைப் பார்த்து முறைத்தாள். அப்புறம் அணைக்கச் சொல்லி என்னைப் பார்த்து முறைத்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நீ சத்தமில்லாமல் கேமராவை அவள் பக்கம் திருப்பியபோது உன் தோளும் குலுங்கியது. கடைசியில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். "என்னைத்தான பேசாதன்னு சொன்ன, பால்கிட்ட சொல்லலியே?" என்றாள் அம்மா.

அப்பா போன பிறகு இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை. அதை மட்டும் படத்தில் வைத்துவிடு அக்கா. என்னை வேண்டுமானால் வெட்டிவிடு.

உன் அன்புத் தங்கை


நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனில், வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாயாம்.

படம் தேறிவிட்டதா? அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பகத்தில் ஒரு ஆள் விடாமல் சொல்லியிருக்கிறாள், குழந்தையை விட வருகிற தாய்மாரிடம்கூட. "நானும் அதுல ஒரு ஓரமா வர்றேன், பால் பொங்குற இடத்துல" என்கிறாளாம். வந்தவுடன் பெரிய டிவியில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று மேலாளர் அம்மா சொல்லியிருக்கிறார். எப்போது வரும் என்று எழுது.

குளிர் வந்துவிட்டது. சால்வையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே.

உன் அன்புத் தங்கை


டிசம்பர் 3

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

இன்று மதியம் நெட்டை தன் போனை என் கையில் வைத்தாள். "இது நீதானடி?" என்றாள். இணையத்தில் பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம்.

முதலில் விரிப்புகள். அழகாக இருந்தன, பெரிய பறவைகள் மாதிரி. பிறகு என் கை, வெடிப்பெல்லாம் வாய்க்கால் போலத் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். பிறகு திரை இருட்டாகி உன் குரல் மட்டும் கேட்கிறது. "பள்ளிக்கூடத்தை நீயா விட்டியா, விட வச்சாங்களா? யாரு உன்ன வேலைக்கு அனுப்பினது?" அடுத்தது என் முகம். பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம். உதட்டைக் கடிக்கிறேன். கண்ணீர் வருகிறது. நான் பக்கவாட்டில் பார்க்கிறேன். அடுத்தது அம்மா. கண்ணை உருட்டி என்னை முறைக்கிறாள். கன்னம் உப்பியிருப்பது தெரியாதபடி ஓரத்தை வெட்டியிருக்கிறாய். பால் இல்லை. சிரிப்பு இல்லை.

அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்கவே இல்லை அக்கா.

நெட்டை அழுதுவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லலியேடி, உங்கம்மா இப்பிடியா?" என்றாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். பயத்தில் ஆட்டுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் ஏன் பள்ளியிலிருந்து நின்றேன் என்று உனக்குத் தெரியாதா? பாடத்தை வாசிக்கச் சொல்லி டீச்சர் என்னை நிற்க வைத்தார். குரல் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன், மறுநாளும் நின்றேன். வகுப்பு முழுக்க மாடு மாதிரிக் கத்தியது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மா என்னைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டு, நான் உள்ளே போகிறேனா என்று கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். கடைசியில் நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்றேன். அம்மா கெஞ்சினாள். என் ஒரு காலை அவள் பிடித்து இழுத்தாள். இன்னொரு காலை நீ பிடித்து இழுத்தாய்.

அம்மா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் அதை நீக்கிவிடு.

தங்கை


டிசம்பர் 20

என் செல்ல ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் குளிரில் எப்படி இருக்கிறது? உனக்குக் கை?

முதலில் நல்ல செய்தி. என் படத்துக்குத்தான் முதல் பரிசு. உன் முகம் வந்த இடத்தில் பாதி அரங்கம் மூக்கை உறிஞ்சியது. சேனல்காரர்கள் பருவம் முடிந்ததும் வேலைக்கு வா என்கிறார்கள். கட் சார் எழுந்து வந்து கை கொடுத்தார். அவர் யாருக்கும் கொடுக்கிறவர் இல்லை.

நீ எழுதியதைப் படித்தேன். சின்னக் குழந்தை மாதிரி எழுதியிருக்கிறாய். அது நம் அம்மாவைப் பற்றிய படம் இல்லையடி, உன்னைப் போல எத்தனையோ பெண்களைப் பற்றியது. இதெல்லாம் உனக்குப் புரியவைக்க ஒரு பருவம் பாடம் எடுக்க வேண்டும். இன்னொன்றும் யோசி. மதியம் முழுக்க உன் முன்னால் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நாலு வார்த்தை பேசியிருந்தால் அந்த நாலையும் போட்டிருப்பேன். பேசாதவளை வைத்து நான் என்ன செய்ய?

படத்தை நீக்க முடியாது, கல்லூரியின் சொத்து. அம்மாவுக்குக் காட்டாதே. அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அக்கா


ஜனவரி 9

அக்காவுக்கு,

அம்மாவுக்கு நான் காட்டவில்லை. அவளே பார்த்துவிட்டாள்.

படம் வந்திருக்கிறது என்று காப்பகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாதான், வாங்க வாங்க என்று எல்லாரையும் கூப்பிட்டு, பெரிய டிவியில் போடச் சொல்லியிருக்கிறாள். தோளில் அந்தக் கைக்குழந்தை. படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டார்களாம். மேலாளர் அம்மா எழுந்து வந்து குழந்தையை அவள் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாராம். அது அழுததாம். "நாளையில இருந்து நீங்க வர வேணாம். தாய்மாருங்க கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்றாராம்.

அம்மா தன் மேலங்கியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. சாப்பிடும்போது என்னிடம், "நான் உன்ன அப்பிடியா பாத்தேன்?" என்று கேட்டாள். பால், மூச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "இருந்தாலும் அந்த மொகம் என்னுதுதான?" என்றாள். அதிலிருந்து என்னைப் பார்க்காமலே பேசுகிறாள்.

நெட்டையிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். படத்துக்குக் கீழே, இது பொய் என்று அவள் போட்டுவிட்டாள். உடனே ஒரு சேனலிலிருந்து அவளுக்குப் பதில் வந்தது. உன் சேனல்தான். நேரில் வந்து கேட்கப் போகிறார்களாம்.

நீயே மேலாளர் அம்மாவுக்கு உண்மையை எழுதிவிடு அக்கா. அம்மாவை மறுபடி சேர்த்துக்கொண்டால் போதும், நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். இல்லையென்றால் அவர்கள் கேட்கும்போது நான் சொல்லுவேன்.

தங்கை


ஜனவரி 21

தங்கைக்கு,

உடம்பு நலமா என்று கேட்டால்தான் கடிதமா? கேட்டேன் என்று வைத்துக்கொள்.

வேலை கைக்கு வருகிற நேரத்தில் நெட்டையை விட்டு என் அடிமடியில் கை வைத்திருக்கிறாய். பரிசைப் பறித்துவிடுவார்கள், கல்லூரியை விட்டும் அனுப்புவார்கள். அதன் பிறகு எந்த சேனலும் என்னை வாசலில்கூட நிறுத்தாது. காப்பகத்துக்கு நான் எதையும் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவே சாட்சி.

சொல்லுவேன் என்கிறாயே, நீ எங்கே சொல்லுவாய்? ஒரு பத்தி வாசிக்கச் சொன்னதற்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்தவள் நீ. என்னோடு போனில் பேசவே தொண்டை அடைக்கிறது. மைக்கும் விளக்கும் வைத்தால் பேசிவிடுவாயா? எனக்கு உன்னைத் தெரியும். அந்த தைரியத்தில்தான் வரட்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நானும் கூட வருகிறேன். பேச்சு வராவிட்டால் அலட்டிக்கொள்ளாதே, போன தடவை மாதிரிச் சும்மா உட்கார்ந்திரு, போதும்.

அதுவரை கைக்குக் களிம்பு போடாதே. குளோசப் எடுப்பார்கள்.

அக்கா


பிப்ரவரி 18

என் தங்கக் கட்டிக்கு,

எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி? அன்றைக்குப் பேட்டி முடிந்ததும் அவசரமாகக் கிளம்பிவிட்டோம், சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

நேற்று ஒளிபரப்பானது. எனக்கு வேலை உறுதியாகிவிட்டது! கட் சாரே கூப்பிட்டார். அந்த சேனல் ஆள் உன்னிடம் கேட்டதும் நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தாயே, ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நீ பாவாடைப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அம்மா உன் மணிக்கட்டைப் பிடித்தாளே, அதுதான் உச்சம். மெதுவாக ஓடவிட்டுப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் அம்மாவே, "நான்தான் இவ படிப்ப நிறுத்தினேன். பெரியவ எடுத்தது உண்மைதான்" என்று சொன்னது! ஒரே டேக்கில். அம்மாவிடம் சொல், பிரமாதமாக வந்திருக்கிறது.

இனிமேல் களிம்பு போட்டுக்கொள். முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

நீ சொன்னதுதான் நடந்தது. 'இல்லை, நானாகத்தான் பள்ளியிலிருந்து நின்றேன்.' இதை விரிப்பு மடிக்கும்போதெல்லாம் நெட்டையிடம் சொல்லிப் பழகியிருந்தேன். அவளிடம் சொல்லும்போது குரல் வந்தது. அந்த ஆள் மைக்கை நீட்டினார். கேமராவுக்குப் பின்னால் நீ நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். அறைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. குரல் வராமல் போகும் என்று எனக்கும் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாவாடைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுக்கத்தான் கையை விட்டேன். நான் எழுதும்போது அம்மா பார்த்திருந்தாள். அதனால்தான் பிடித்தாள். நான் இழுத்தேன், அவள் விடவில்லை. அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தின நாள் நீ போன் செய்தாய். அம்மா போனோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்ததும், "பெரியவளுக்காவது நல்லது நடக்கட்டும்" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

அம்மாவை இனி எந்தக் காப்பகத்திலும் சேர்க்கமாட்டார்கள். தெருவில் குழந்தையோடு வருகிறவர்கள் இவளைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார்கள். எங்கள் சலவைக்கூடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டாள். நெட்டையை இஸ்திரிக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது விரிப்பின் ஒரு முனை அம்மாவிடம், மறுமுனை என்னிடம். நாங்கள் பேசுவதில்லை. அங்கே இருக்கிற பெண்கள் அடிக்கடி எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மாவிடமிருந்து என்னைக் காப்பாற்றுவதற்காக நெட்டையைக்கூட ஒருத்தி கூப்பிட்டு வந்தாள்.

நேற்று மடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மூச்சைப் பிடித்துக் கன்னம் இரண்டையும் உப்பிக் கண்ணை உருட்டிக் காட்டினாள். நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அது படத்தில் பார்த்த முகமாகத்தான் தெரிந்தது. பின்னால் ஒரு அடி வைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

மூச்சை விட்டாள். அடுத்த விரிப்பை எடுத்தோம்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை